சண்டிகர் நாற்காலிகளும் நம் மலையின் அரசு நாற்காலிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் பட்டறை எங்களுடையது. எஸ்டேட் பங்களாக்கள், பள்ளிகள், மூடப்பட்ட அலுவலகங்கள் என்று பல இடங்களிலிருந்தும் நாற்காலிகள் இங்கே வருகின்றன. வெளிநாட்டு ஏலங்களில் சண்டிகர் நாற்காலிகள் விலைபோகும் செய்தி பரவியதிலிருந்து, கோத்தகிரி, கூடலூர், உதகைப் பக்கங்களிலிருந்து படம் அனுப்பி விவரம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

சண்டிகர் நாற்காலி என்று எதைச் சொல்கிறார்கள்?

1947இல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போனது. புதிதாக ஒரு நகரத்தையே கட்டுவது என்று முடிவானது. முதலில் திட்டம் வரைந்தவர்கள் ஆல்பர்ட் மேயரும் மேத்யூ நோவிட்ஸ்கியும். 1950இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்த பிறகு பொறுப்பு பிரான்ஸில் வாழ்ந்த சுவிஸ் கட்டிடக் கலைஞர் லே கார்பூசியேவிடம் வந்தது. அவர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோனார். ஊரிலேயே தங்கி வேலையை நடத்தியவர் அவருடைய உறவினர் பியர் ஜன்னரே. 1951இல் வந்தவர் 1965வரை அங்கேயே இருந்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்தபோது, அவர் விருப்பப்படி அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். அந்த ஊரோடு அவருக்கு இருந்த ஒட்டுதல் அப்படிப்பட்டது.

உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், விடுதிகள், நூலகங்கள் எல்லாம் ஒரே காலத்தில் எழுந்தன. அத்தனைக்கும் மேஜை நாற்காலி வேண்டும். கையில் பணமோ குறைவு. அதனால் தேக்கு, பிரம்பு, அந்தப் பகுதித் தச்சர்களின் கைத்திறன் ஆகிய மூன்றையும் வைத்தே எளிய வடிவங்களை வரைந்து ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அந்த நாற்காலிகளைத்தான் இன்று இப்பெயரால் அழைக்கிறார்கள்.

அவற்றை வடிவமைத்தவர் ஜன்னரே ஒருவர்தானா?

இல்லை. ஏலப் பட்டியல்களில் அவர் பெயர் மட்டும் பெரிதாக அச்சாகிறது. ஆனால் அவரோடு வேலை செய்த இந்தியக் கட்டிடக் கலைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குறிப்பாக யூலி சவுத்ரியின் பங்கு பெரியது. செய்து கொடுத்தவை பல பட்டறைகள். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு பட்டறை காலைச் சற்றுத் தடிமனாக இழைத்தது, இன்னொன்று கைப்பிடியைச் சற்றுச் சரித்தது. இரண்டு அசல் நாற்காலிகளை அருகருகே வைத்தால் அளவு துல்லியமாக ஒத்துப்போகாது. அந்த வேறுபாட்டில்தான் பெயர் தெரியாத தச்சர்களின் கை தெரிகிறது. எங்களைப் பொறுத்தவரை அந்த நாற்காலியில் மிகவும் மதிக்க வேண்டிய விஷயமும் அதுவே.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

மிகப் பரவலான அலுவலக நாற்காலியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்காலும் பின்காலும் மேலே ஒன்றுசேர்ந்து, கவராயத்தை விரித்து நிறுத்திய வடிவில் இருக்கும். இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. இரண்டிலும் பிரம்புப் பின்னல் இருக்கும். நூலக நாற்காலி, வழக்கறிஞர் நாற்காலி, தாழ்வான சாய்வு நாற்காலி என்று வேறு வகைகளும் உண்டு. தேக்கே அதிகம், ஈட்டிக்கு உறவான வட இந்திய மரமாகிய சீஷத்தில் செய்தவையும் இருக்கின்றன.

செதுக்கு வேலையோ கடைசலோ எதுவும் இராது. ஆள் எடையை எப்படித் தரைக்கு இறக்குவது என்பது மட்டுமே அந்த வடிவத்தின் கவலை.

சாதாரண ஆபீஸ் நாற்காலிக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது?

காலம் போகப்போக அந்த அலுவலகங்களில் எஃகு நாற்காலிகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் நுழைந்தன. உடைந்த தேக்கு நாற்காலிகளை மொட்டை மாடிகளிலும் கொல்லைப்புறத்திலும் குவித்து, பிறகு கழிவுப் பொருளாக ஏலம் விட்டார்கள். 1990களின் இறுதி முதல் பாரிஸ் வணிகர்கள் சிலர் அந்த ஏலங்களில் கலந்துகொண்டு மொத்தமாக வாங்கிப் போனார்கள். அங்கே பழுதுபார்த்து, கண்காட்சி வைத்து, நூல்கள் வெளியிட்டு, கிறிஸ்டிஸ், சோதபிஸ் போன்ற ஏல நிறுவனங்கள்வரை கொண்டுசேர்த்தார்கள். விறகு விலைக்குப் போனது லட்சங்களில் விற்கிறது என்று தெரிந்த பிறகுதான் இங்கே பதைபதைப்பு வந்தது. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்பதையும் ஏலம் விடுவதையும் தடுத்து உத்தரவிட்டது. நகர நிர்வாகம் கணக்கெடுத்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைப் பாரம்பரியச் சாமான்களாகப் பட்டியலிட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் அங்கே நாற்காலிகள் திருட்டுப்போன வழக்குகள் பதிவாகியுள்ளன.

வணிகர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கழித்துப்போட்டதை அவர்கள் காசு கொடுத்து எடுத்துப் போனார்கள். பராமரிக்க ஒரு தச்சரும் ஒரு பிரம்புப் பின்னல்காரரும் அந்தந்த அலுவலகத்துக்கு அமர்த்தப்பட்டிருந்தால் அவை இன்றும் அந்த அறைகளிலேயே இருந்திருக்கும்.

நீலகிரியில் அசல் சண்டிகர் நாற்காலி கிடைக்குமா?

கிடைப்பது மிக அரிது. அந்த நாற்காலிகள் அந்த ஊர்க் கட்டிடங்களுக்காகச் செய்யப்பட்டவை. இங்கே இருக்கிறது என்றால், யாரோ விலைகொடுத்து வாங்கிக் கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும். விடுமுறை இல்லங்களில் நாங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை சமீபத்தில் செய்த பிரதிகள்.

அப்படியானால் எங்கள் வீட்டில் இருக்கும் பழைய நாற்காலி என்னவாக இருக்கும்?

நாங்கள் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது.

நம் மலைக்கு வெள்ளைக்காரர் காலத்துச் சாமான்கள் மட்டுமே சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். கைப்பிடி நீண்டு கால்நீட்ட வசதியுள்ள துரைமார் சாய்வு நாற்காலி, கடைசல் காலுள்ள சாப்பாட்டு மேஜை ஆகியவற்றை உடனே போற்றிப் பாதுகாப்பார்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே எத்தனை பொதுக் கட்டிடங்கள் எழுந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவியுடன் வந்த குந்தா நீர்மின் திட்டம், அதன் குடியிருப்புகள், ஆய்வு மாளிகைகள். 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1970இல் செயல்படத் தொடங்கிய முத்தொரை ரேடியோ தொலைநோக்கி நிலையம். இவை தவிர கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள், பஞ்சாயத்து அலுவலகங்கள், கிளை நூலகங்கள், அரசுப் பள்ளிகள். இத்தனைக்கும் நாற்காலி வேண்டியிருந்தது. சண்டிகரில் இருந்த அதே நெருக்கடிதான் இங்கேயும்: பணம் குறைவு, எண்ணிக்கை அதிகம், வேலை சீக்கிரம் முடிய வேண்டும். ஆகவே அலங்காரம் தானாகவே உதிர்ந்துவிட்டது. நேரான கால், சற்றே சாய்ந்த முதுகு, பிரம்பு இருக்கை, கை ஓய்வெடுக்கத் தட்டையான கைப்பிடி. 1965இல் தமிழ்நாடு சிறுதொழில் கழகமான டான்சி உருவான பிறகு, அதன் பட்டறைகளில் செய்த நாற்காலிகளும் அரசு அலுவலகங்களுக்கு வந்துசேர்ந்தன.

இவற்றை வரைந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனாலேயே இவற்றுக்கு ஏலச் சந்தையில் விலையும் இல்லை. ஆனால் ஒரு கிளை நூலகத்தின் தேக்கு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் கழுந்தும் (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய கட்டை முனை) துளையும் பொருந்தியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், சண்டிகர் நாற்காலிக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்கத் தோன்றும். எங்களுக்குத் தோன்றுகிறது.

மரத்தைக் கவனித்தால் இன்னும் கொஞ்சம் விவரம் கிடைக்கும். பொன்னிறமும் பழுப்பும் கலந்து, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை தெரிந்தால் தேக்கு. கருஞ்சிவப்பில் கருங்கோடுகள் ஓடி, தூக்கும்போது கனத்தால் ஈட்டி. கூடலூர்ப் பக்கத்து வீடுகளில் இது அதிகம். வெளிர்நிறத்தில், வெட்டுமுகத்தில் சிறு மினுக்கல்கள் தெரிந்தால் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்.

நாற்காலிக்கு அடியில் பெயிண்டில் எண்ணும் எழுத்தும் இருக்கின்றன. சுரண்டி எடுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த எண்தான் நாற்காலியின் ஊரும் பேரும்.

அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு பொருளும் தளவாடப் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டு எண்ணைத் துறையின் சுருக்கத்தோடு சேர்த்து நாற்காலியின் பின்புறத்திலோ அடிச்சட்டத்திலோ எழுதிவிடுவார்கள். சண்டிகர் நாற்காலிகளிலும் இப்படித்தான். பல்கலைக்கழகம், உயர் நீதிமன்றம் என்று எந்தக் கட்டிடத்தைச் சேர்ந்தது என்பதை அந்த எழுத்துகளை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு நாற்காலியின் பின்சட்டத்தில் மூன்று எண்கள் இருந்தன. முதலாவது வெள்ளைப் பெயிண்டில் அச்சுத்தகடு வைத்து எழுதியது. அதன்மேல் பாலிஷ் ஓடியிருந்தது. இரண்டாவது அதற்குப் பக்கத்தில் சிவப்பில், முதல் எண்ணை ஒரு கோட்டால் அடித்துவிட்டு எழுதியது. மூன்றாவது யாரோ தூரிகையால் அவசரமாக எழுதியது, பெயிண்ட் வழிந்து இறுகிப்போயிருந்தது. அந்த நாற்காலி அறை மாறியதும் கணக்கு மாறியதும் எல்லாம் ஒரு சாண் கட்டையில் அடங்கியிருந்தன.

பிஜே என்று தொடங்கும் மாதிரி எண்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அவை பிற்காலத்தில் வணிகர்கள் தொகுத்த நூலின் வகைப்பாட்டு எண்கள். நாற்காலி செய்யப்பட்ட காலத்தில் இல்லாதவை. அந்த எண்ணே மரத்தில் பொறித்திருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேற்பக்கத்தைப் பழசாக்குவது எளிது, அடிப்பக்கத்தைப் பழசாக்குவது கடினம். பல பத்தாண்டுகள் சிமெண்ட் தரையில் இழுபட்ட காலின் அடி, ஓரம் மழுங்கி, ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். கைப்பிடியில் தேய்மானம் உள்ளங்கை படும் முன்பகுதியில் இருக்க வேண்டும். போலியில் கைப்பிடி முழுவதும் ஒரே சீராக உப்புத்தாள் ஓடியிருக்கும்.

அடுத்து, பிரம்பு நுழையும் துளைகள். உண்மையில் பழைய நாற்காலிக்குப் பிரம்பு பலமுறை மாற்றப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய முளைகளைக் குத்தி எடுத்து, புதுப் பிரம்பை இழுத்துக் கட்டுவார்கள். அதனால் துளையின் விளிம்பு கூர்மை போய் வழவழப்பாகியிருக்கும், சில துளைகள் சற்று நீண்டும் போயிருக்கும். எடுக்க முடியாமல் விட்டுப்போன பழைய முளையின் துண்டு ஒன்றிரண்டு துளைகளில் கறுத்து நிற்கும். டார்ச் அடித்து இதை ஐந்து நிமிடம் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இயந்திரத்தில் நெய்த பிரம்புப் பாயைக் காடியில் அழுத்திப் பொருத்தியிருந்தால், அது கையால் துளைவழி பின்னிய நாற்காலி அல்ல.

ஸ்டார் முனைத் திருகுகள் இருந்தால் பிற்காலத்துப் பழுதுபார்ப்பாகவோ புதுச் செய்பொருளாகவோ இருக்கும். புதுப் பிரம்பு இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். உட்காரும் நாற்காலிக்குப் பிரம்பு மாற்றாமல் தீராது.

புதிய பிரதிகளை வாங்குவது தவறா?

பிரதி என்று சொல்லி விற்றால் தவறே இல்லை. பெங்களூரின் ஃபாண்டம் ஹேண்ட்ஸ் இந்த வடிவங்களைக் கைவேலையாக மறுபடி செய்கிறது. இத்தாலியின் காசினாவும் ஜன்னரேவுக்கு அஞ்சலியாக ஒரு வரிசை வெளியிட்டிருக்கிறது. ஜோத்பூர் போன்ற ஊர்களிலும் ஏராளமாகச் செய்கிறார்கள். புதிதாகச் செய்ததில் பொய் எண் எழுதி, தேநீர்ச் சாயம் பூசி, அசல் என்று விற்பதுதான் மோசடி.

வாங்கும்போது என்ன ஆவணம் கேட்க வேண்டும்?

அரசு எண் உள்ள எந்த நாற்காலியானாலும், அது சண்டிகரோ உதகையோ, முறையான ஏலத்தில் வெளியே வந்ததற்கான ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கழிவு செய்யப்படாத அரசுப் பொருள் திருட்டுப் பொருள்தான்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? தொல்பொருள் சட்டம் தடுக்காதா?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருட்களுக்குத்தான் பொருந்தும். 1950களின் நாற்காலிக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. அவை தொடர்ந்து கடல்தாண்டிப் போனதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். ஈட்டி, சீஷம் இரண்டும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், அந்த மரங்களில் செய்த பொருளுக்குத் தனியாக ஆவணம் தேவைப்படலாம். எங்கள் பட்டறை எதையும் ஏற்றுமதி செய்வதில்லை.

குன்னூர் மழைக்குப் பிரம்பில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எல்லா வீட்டிலும் இதே கதைதான். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். பின்னால் ஒரு கையகலம் காற்றோட வேண்டும். வெள்ளையாகப் படிந்ததும் உலர்ந்த தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டி எடுத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, இளவெயிலில் வையுங்கள். பூஞ்சைக்குப் பயந்து கணப்பு அடுப்பின் அருகே கொண்டுபோய் வைக்கிறார்கள். அது இன்னும் கெடுதல். ஈரம் ஊறிய மரம் திடீரென்று காய்ந்தால் கழுந்து சுருங்கி, இணைப்பு ஆட ஆரம்பிக்கும். இங்கிருந்து சென்னைக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதன அறையில் போட்ட நாற்காலிகளுக்கும் இதே கதிதான்.

தொய்ந்த பிரம்பு அறுந்திருக்காவிட்டால் மாற்ற அவசியமில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு வையுங்கள். பிறகு நிழலில் காயவிடுங்கள். காயும்போது பிரம்பு தானாக இறுகும். முழுதும் காயும்வரை யாரும் உட்காரக் கூடாது.

பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் ஒயர் பின்னலாமா?

வேண்டாம். பிரம்பு உட்காருபவர் எடைக்குக் கொஞ்சம் இளகி, எழுந்ததும் மீளும். பிளாஸ்டிக் ஒயர் துளை விளிம்பை அறுக்கும். மேலும், பிரம்புப் பின்னல் தமிழ்நாடு முழுவதும் பார்வையற்றவர்கள் பலருக்குச் சோறு போட்ட தொழில். விரல்நுனியால் துளையை எண்ணி எண்கோணக் கண்களைப் பிசகாமல் கொண்டுவரும் கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுங்கள்.

பழைய பாலிஷை உரித்துப் புதிதாகப் போடலாமா?

முடிந்தவரை உரிக்காதீர்கள். அழுக்கை எடுத்து, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பாலிஷை மெல்லிய துணிப்பந்தால் தேவையான இடத்தில் மட்டும் ஏற்றினால் போதும். இயந்திரத்தால் இழைத்து, பிளாஸ்டிக் பளபளப்பு ஏற்றிய நாற்காலியில் எண்ணும் போய்விடும், கைபட்டு வந்த வழவழப்பும் போய்விடும். இரண்டையும் திரும்பக் கொண்டுவர எந்தத் தச்சராலும் முடியாது.

இணைப்பு ஆடினால் ஆணி அடிக்காதீர்கள். பழைய நாற்காலிகளில் வச்சிரம் என்ற விலங்குப் பசையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அது இளகி, கழுந்து சேதமில்லாமல் கழன்று வரும். சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். ஆணி ஏறிய கட்டை பிளந்துவிடும்.

காலிலிருந்து மாவு கொட்டுகிறது. தேக்கு உளுக்காது என்றார்களே?

வைரம் பாய்ந்த தேக்கு அவ்வளவு எளிதில் உளுக்காது. ஆனால் ஓரத்து வெள்ளை மரத்தை வண்டு துளைக்கும். நாற்காலியை உடனே மற்றச் சாமான்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, எங்களுக்கோ தெரிந்த தச்சருக்கோ காட்டுங்கள்.

அசல் நாற்காலிகளை எங்கே பார்க்கலாம்?

சண்டிகரில்தான். ஐந்தாம் செக்டாரில் ஜன்னரே குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பத்தொன்பதாம் செக்டாரில் லே கார்பூசியேவும் ஜன்னரேவும் வேலை செய்த பழைய அலுவலகம் லே கார்பூசியே மையமாக இருக்கிறது. உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம் மூன்றும் அடங்கி, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கேபிடல் வளாகத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

நமக்குப் பக்கத்தில் என்றால் புதுச்சேரி. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கினார்கள். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். கட்டுமான இடத்திலேயே தங்கி வேலை பார்த்தவர் ஜார்ஜ் நாகஷிமா. அவர் பின்னாளில் அமெரிக்காவின் பெரும் மரவேலைக் கலைஞராகப் புகழ்பெற்றார். அந்த விடுதிக்காகத் தேக்கில் செய்த எளிய சாமான்கள் சண்டிகருக்கும் முந்தியவை. ஆசிரமத்தின் குடியிருப்பு என்பதால் முன் அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது.

எங்கள் பள்ளியில் பழைய மர நாற்காலிகளைக் கழிக்கப் போகிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஏலத் தேதி அறிவிப்பதற்கு முன்னால் தலைமை ஆசிரியரையோ அலுவலகப் பொறுப்பாளரையோ பார்த்துப் பேசுங்கள். கழிவுப் பட்டியலில் ஏறிவிட்டால் பெயரை நீக்குவது பெரும்பாடு. பழுதுபார்க்க ஆகும் செலவை எழுத்தில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பல நாற்காலிகளுக்கு அது புது நாற்காலியின் விலையைவிடக் குறைவாகத்தான் வரும். முன்னாள் மாணவர்களிடம் அந்தச் செலவைத் திரட்டிய பள்ளிகள் உண்டு. எதுவும் நடக்கவில்லை என்றால், குறைந்தபட்சம் ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது பள்ளியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றவற்றின் அடிப்பக்க எண்களைப் படமெடுத்து, எந்த அறையில் இருந்தது என்று குறித்து வையுங்கள்.

நீலகிரி மாவட்டப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் நாங்கள் நேரில் வந்து நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லக் கட்டணம் வாங்குவதில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.